பழைய ஆறடி லேத்தில் பிடிமானத்தைச் சீர்செய்த பதிவு

கோயம்புத்தூர் ஆவாரம்பாளையத்தில் ஒரு பட்டறை மூடப்பட்டபோது விலைக்கு வந்த ஆறடி லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்றை, பம்ப் ரிப்பேர் வேலைக்கு ஏற்றதாக ஆக்கிய விவரங்கள் இவை. பெல்ட்டில் ஓடும் பழைய வகை. வேகத்தைக் குறைக்கும் பேக் கியர் உண்டு. ஸ்பிண்டில் நோஸ், அதாவது சுழலும் தண்டின் முனை, மரை போட்டது. கடையும் பொருளான ஜாப்பைத் தாடை போன்ற ஜாக்களால் பிடிக்கும் 200 மி.மீ. மூன்று ஜா சக், 250 மி.மீ. நான்கு ஜா சக், வெட்டும் டூலைப் பிடிக்கும் நான்கு பக்க டூல் போஸ்ட் ஆகியவை இயந்திரத்துடன் சேர்ந்தே வந்தன. விற்றவர் மறைக்காமல் சொன்ன குறை ஒன்றுதான்: பேரிங் போய்விட்டது, ஜாப் உருட்டாக வராது என்றார்.

பழைய லேத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் முதலில் குறை சொல்வது பேரிங்கையும், லேத்தின் அடிப்படுகையான பெட்டையும்தான். ஆனால் ஸ்பிண்டிலுக்கும் ஜாப்புக்கும் நடுவே பேக் பிளேட் (சக்கை ஸ்பிண்டிலோடு இணைக்கும் தட்டு), சக், ஜா என்று மூன்று பொருள்கள் இருக்கின்றன. டூலின் முனைக்கும் பெட்டுக்கும் நடுவே டூல் போஸ்ட், கோணத்தில் நகரும் காம்பவுண்ட் ஸ்லைடு, குறுக்கே நகரும் கிராஸ் ஸ்லைடு, பெட்டின் நீளத்தில் நகரும் சேடில் என்று நான்கு பொருள்கள் இருக்கின்றன. இவற்றில் எது தளர்ந்தாலும், சாய்ந்தாலும், வளைந்தாலும் அது ஜாப்பின் மேல்தான் தெரியும். பழி மட்டும் பேரிங்குக்குப் போய்ச் சேரும். ஆகையால் ஸ்பிண்டிலும் பேரிங்கும் இருக்கும் ஹெட்ஸ்டாக்கைத் திறப்பதற்கு முன்பாகவே, சக்கைக் கழற்றிவிட்டு ஸ்பிண்டிலை மட்டும் தனியே சோதிப்பது என்று முடிவு செய்தேன்.

மரை போட்ட நோஸில் பல காலமாக இறுகிப்போன சக்கைக் கழற்றுவதற்குச் சிலர் பேக் கியரைப் பூட்டிவிட்டுச் சக்கில் கம்பியைப் பிடித்துச் சம்மட்டியால் அடிக்கிறார்கள். அந்த அடி முழுவதும் வார்ப்பிரும்புக் கியரின் ஒற்றைப் பல்லில் போய் இறங்கும் என்பதால் நான் அதைச் செய்வதில்லை. பெட்டின் பின்பக்கத்தில் ஒரு வேங்கைக் கட்டையை நிறுத்தி, ஒரு ஜாவை அதன் மேல் படும்படி வைத்து, மெதுவான பேக் கியரில் பெல்ட்டைக் கையால் பின்னோக்கி இழுத்தால், பின்பக்கத்து ஜா கீழ்நோக்கி வந்து கட்டையில் மோதும். இரண்டு மூன்று மோதலில் மரை விடும். அதற்கு முன்பாகச் சக்குக்குக் கீழே பெட்டின் மேல் பலகை ஒன்றைப் போட்டுவிட வேண்டும். 200 மி.மீ. சக் விழுந்தால் பெட்டின் வழியும் போகும், கைவிரலும் போகும்.

சக் இறங்கியதும் நோஸின் உருட்டுப் பகுதியில் டயல் கேஜை வைத்துக் கையால் சுற்றிப் பார்த்தபோது அவுட் (மையம் விலகிச் சுற்றும் அளவு) 0.01 மி.மீ.க்குள் இருந்தது. ஸ்பிண்டிலின் அடியில் கட்டையை நெம்புகோலாகக் கொடுத்துத் தூக்கியபோது டயல் 0.02 மி.மீ. நகர்ந்தது. இந்த வயதுள்ள இயந்திரத்துக்கு இது நல்ல கணக்கு. பேரிங்கில் குறை இல்லை என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. பிறகு சக்கைத் திரும்ப ஏற்றி, கிரைண்ட் செய்த 25 மி.மீ. பின் (உருளைக் கம்பி) ஒன்றைப் பிடித்துப் பார்த்தால், ஜாவுக்கு அருகில் 0.22 மி.மீ., அதிலிருந்து 100 மி.மீ. தள்ளி 0.36 மி.மீ. காட்டியது. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே அவுட் இருந்தால் ஜாப் மையத்திலிருந்து இணையாகத் தள்ளி நிற்கிறது என்று பொருள். தள்ளிப் போகப்போக அவுட் கூடினால் ஜாப் சாய்ந்தும் நிற்கிறது என்று பொருள். எனக்கு இரண்டு நோயும் சேர்ந்தே இருந்தன.

முதலில் பேக் பிளேட்டைக் கவனித்தேன். அதன் உள்மரையில் பழைய கிரீஸும் பித்தளைத் தூளும் கலந்து மெழுகு போல இறுகியிருந்தன. வளைத்த கம்பியின் முனையைக் கூராக்கி மரையின் பள்ளம் முழுவதையும் சுரண்டி எடுத்தேன். மரை வெறும் இறுக்கத்துக்குத்தான். சக்கை மையத்தில் நிறுத்துவது உருட்டுப் பகுதியும், நேராக நிறுத்துவது நோஸின் தோளும். அந்தத் தோளில் ஒரு சிறு தூள் சிக்கினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: 60 மி.மீ. விட்டமுள்ள தோளின் ஒரு பக்கத்தில் 0.05 மி.மீ. தூள் இருந்தால், 150 மி.மீ. தள்ளி இருக்கும் ஜாப் ஏறக்குறைய 0.12 மி.மீ. விலகி நிற்கும், சுற்றும்போது டயலில் அது இரட்டிப்பாகத் தெரியும். சக்கை ஏற்றும் ஒவ்வொரு முறையும் துணியால் துடைத்து, விரலால் தடவிப் பார்த்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஏற்றுவது இதற்காகத்தான்.

சுத்தம் செய்த பேக் பிளேட்டைத் தனியாக நோஸில் ஏற்றி அதன் முகத்தைச் சோதித்தபோது 0.03 மி.மீ. ஆடியது. மெல்லிய கட் ஒன்று எடுத்து முகத்தைச் சமப்படுத்தினேன். சக்கின் உடல் உட்காரும் படியை இறுக்கமாக விடுவதா, தளர்த்துவதா என்பதில் டர்னர்களிடையே இரண்டு கருத்து உண்டு. இறுக்கமாக இருந்தால் சக் இடம் மாறாது. ஆனால் அதன் அவுட் என்னவோ அதோடு வாழ வேண்டும். படியை 0.3 மி.மீ. குறைத்துவிட்டால், போல்ட்டுகளை அரை இறுக்கத்தில் வைத்து, செம்புச் சுத்தியலால் தட்டி டயலைப் பார்த்து மையப்படுத்திப் பிறகு முழுதாக இறுக்கலாம். பெரிய ஜாப் ஒன்று டூலில் மாட்டி உதைத்தால் இந்த அமைப்பு நகர்ந்துவிடும் என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் ரிப்பேர் வேலையில், ஏற்கெனவே ஒருமுறை கடைந்த ஜாப்பைத் திரும்பப் பிடிக்க வேண்டிய தேவை அடிக்கடி வருகிறது என்பதால் நான் படியைக் குறைத்தேன்.

சக்கைப் பிரித்தபோது உள்ளே ஜாக்களை நகர்த்தும் ஸ்க்ரோல் தட்டின் சுருள் பள்ளத்தில் இரும்புச் சுருள்கள் நசுங்கி ஒட்டியிருந்தன. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பித்தளைப் பிரஷால் தேய்த்து, சுருளின் ஓரங்களில் எழும்பியிருந்த பிசிறுகளை ஆயில் ஸ்டோனால் தடவி எடுத்தேன். திரும்பப் பூட்டும்போது கிரீஸை அள்ளிப் பூசுவது பட்டறை வழக்கம். அது தூளைப் பிடித்து வைத்து அரைக்கும் பசையாகிவிடும் என்பதால், மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும் விட்டேன். ஜாக்களில் 1, 2, 3 என்று எண் இருக்கும். சக் உடலிலும் அதே எண்கள் இருக்கும். சுருளின் தலை ஒன்றாம் பள்ளத்தில் வந்து எட்டிப் பார்க்கும்போது ஒன்றாம் ஜாவை இறக்கி, பிறகு இரண்டு, மூன்று என்று வரிசையாகச் சுருளைப் பிடிக்கவைக்க வேண்டும். சக் சாவி போடும் மூன்று துளைகளையும் ஒவ்வொன்றாக இறுக்கி டயலைப் பார்த்தால் அவுட் கொஞ்சம் மாறும். எந்தத் துளையில் மிகக் குறைவோ அதில் ஒரு புள்ளிக் குத்து வைத்துக்கொண்டு, எப்போதும் கடைசி இறுக்கத்தை அதிலேயே கொடுப்பது பயனுள்ள பழக்கம்.

இவ்வளவு செய்தும் சாய்வு போகவில்லை. பின்னைப் பிடித்து இறுக்கியபின் ஜாவின் முன்வாயில் 0.08 மி.மீ. பில்லர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) தாராளமாக நுழைந்தது, உள்பக்கத்தில் நுழையவில்லை. பல ஆண்டுகளாகக் குட்டை ஜாப்புகளை ஜாவின் நுனியில் மட்டும் பிடித்து வேலை செய்ததால் முன்வாய் தேய்ந்து, புனல் வாய் போல விரிந்திருந்தது. பின்னை அது பிடிப்பது உள்ளே ஒரு சிறு வளையத்தில் மட்டுமே. வெளியே நீண்டிருக்கும் பகுதிக்குத் தாங்கலே இல்லை. விற்றவர் பேரிங் என்று நினைத்தது உண்மையில் இதைத்தான்.

ஜாக்களை லேத்திலேயே வைத்துக் கிரைண்ட் செய்வதுதான் வழி. ஆனால் ஜாக்களை வெறுமனே நிறுத்திவிட்டுக் கிரைண்ட் செய்தால் பயனில்லை. ஜாப்பைப் பிடிக்கும்போது ஒவ்வொரு ஜாவும் தன் பள்ளத்தில் சற்றே பின்னோக்கிச் சாய்ந்து, ஸ்க்ரோலின் பல்லை ஒரே பக்கமாக அழுத்தி நிற்கும். கிரைண்ட் செய்யும்போதும் அதே நிலையில், அதே திசை அழுத்தத்தில் நிற்க வேண்டும். இதற்காக 6 மி.மீ. தட்டு ஒன்றில் 120 டிகிரி இடைவெளியில் மூன்று துளைகள் போட்டு, நடுப்பகுதியைக் கடைந்து எடுத்து மூன்று துளைகளையும் நடுத் துவாரத்தோடு சேர்த்தேன். ஜாவின் கூம்பிய இரண்டு பக்கங்களும் அந்தத் துளையின் ஓரங்களில் மோதி நிற்கும். பிடிக்கும் நுனி மட்டும் நடுத் துவாரத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். சக் சாவியால் இறுக்கினால் ஜாப்பைப் பிடித்த அதே அழுத்தம் கிடைத்துவிடுகிறது. கல்லும் தடையில்லாமல் உள்ளே போய் வருகிறது.

சிறிய டை கிரைண்டர் ஒன்றை டூல் போஸ்ட் இருக்கும் இடத்தில் உறுதியாகப் பூட்டி, சக்கை மிகக் குறைந்த வேகத்தில் சுற்றவிட்டு, ஒருமுறைக்கு 0.01 மி.மீ.க்கு மேல் போகாமல் எடுத்தேன். கல்லை முன்னும் பின்னும் நகர்த்துவதைச் சேடிலில்தான் செய்ய வேண்டும். காம்பவுண்ட் ஸ்லைடில் நகர்த்தினால் அது நின்ற கோணம் சிறிது தவறியிருந்தாலும் ஜா கூம்பாகிவிடும். கிரைண்டிங் தூள் பெட்டுக்கு எமன். ஈரத் துணியால் பெட்டையும் ஸ்லைடுகளையும் மூடியே வேலை செய்தேன். அந்தத் துணியின் நுனி எதுவும் சுற்றும் சக்கில் சிக்காதபடி இழுத்துக் கட்டியிருந்தேன். முடிந்ததும் சக்கை மறுபடியும் முழுதாகப் பிரித்துக் கழுவினேன். இந்தக் கடைசிக் கழுவலைச் சோம்பலால் தவிர்ப்பவர்களின் சக் விரைவிலேயே பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

இப்போது அதே பின்னில் ஜாவுக்கு அருகில் 0.04, 100 மி.மீ. தள்ளி 0.05 மி.மீ. காட்டியது. 60 மி.மீ. விட்டத்தில் பிடித்தால் 0.08 மி.மீ. வரை போகிறது, ஸ்க்ரோல் எல்லா இடத்திலும் ஒரே அளவாகத் தேய்ந்திருக்காது என்பதே காரணம். மூன்று ஜா சக்கிடம் இதற்கு மேல் கேட்பது தவறு. ஒரே பிடியில் எல்லாவற்றையும் கடைந்து முடிக்கும் வேலைக்கு அதன் அவுட் ஒரு பொருட்டே இல்லை. கழற்றித் திரும்பப் பிடிக்கும் வேலைக்கு அது போதாது.

அந்த இரண்டாவது வகை வேலைக்கு நான்கு ஜா சக் இருக்கிறது. நம் பட்டறைகளில் அது பெரும்பாலும் மூலையில் தூசி படிந்து கிடப்பதற்கு, ஜாப் செட் செய்ய நேரமாகும் என்ற பேச்சுதான் காரணம். முறை தெரிந்தால் நேரமாவதில்லை. சக்கின் முகத்தில் இருக்கும் வட்டக் கோடுகளைப் பார்த்து நான்கு ஜாக்களையும் தோராயமாகச் சமமாக வைத்து ஜாப்பைப் பிடிக்க வேண்டும். டயலை வைத்துச் சுற்றி, எதிரெதிரான இரண்டு ஜாக்களின் அளவை மட்டும் படித்து, வித்தியாசத்தில் பாதியை மட்டும் நகர்த்த வேண்டும்: குறைவான பக்கத்து ஜாவைத் தளர்த்தி, அதிகமான பக்கத்து ஜாவை இறுக்க வேண்டும். பிறகு அடுத்த ஜோடி. நான்கு ஜாவையும் ஒன்றாகத் துரத்துபவர்களுக்குத்தான் அது முடியாத வேலையாகத் தோன்றும். சதுரக் கம்பியில் இரண்டாவது சாவி ஒன்று செய்துகொண்டேன். இரண்டு கைகளிலும் இரண்டு சாவிகளைப் பிடித்து எதிரெதிர் ஜாக்களை ஒரே நேரத்தில் தள்ளினால் 0.02 மி.மீ.க்குள் கொண்டுவருவது டீ ஆறுவதற்குள் முடிந்துவிடுகிறது. முடித்த மேற்பரப்பைப் பிடிக்கும்போது ஜாவுக்கு அடியில் மெல்லிய செம்புத் தகடு வைக்க வேண்டும்.

பிடிமானத்தின் மறுபாதி டூலின் பக்கம். இங்கே எனக்குக் கிடைத்த அனுபவம் சக்கை விடச் சுவையானது. டூல் போஸ்ட்டை எவ்வளவு இறுக்கினாலும், ஜாப்பை அறுத்தெடுக்கும் பார்ட்டிங் டூல் கத்தியது. ஜாப்பின் மேல் வரிவரியாக அதிர்வுத் தடம் விழுந்தது. டூல் போஸ்ட்டைக் கழற்றி, அதன் அடிப்பக்கத்தில் எங்கே தொடுகிறது என்று காட்டும் பிரஷ்யன் புளூவைத் தடவி, காம்பவுண்ட் ஸ்லைடின் மேல் வைத்து லேசாக அசைத்து எடுத்துப் பார்த்தேன். நீலம் பரவலாக ஒட்டவில்லை. நடுவே, டீ-ஸ்லாட்டின் (டூல் போஸ்ட் போல்ட்டின் நட் உட்காரும் பள்ளம்) இரண்டு உதடுகளில் மட்டும் இரண்டு மெல்லிய கோடுகளாக ஒட்டியிருந்தது. பல ஆண்டுகளாக நீண்ட குழாயைச் சாவியில் மாட்டி இறுக்கியதால் டீ-நட் அந்த உதடுகளைக் கீழிருந்து மேலே இழுத்து உப்பவைத்திருக்கிறது. டூல் போஸ்ட் முழுவதும் அந்த இரண்டு கோடுகளின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. இறுக்க இறுக்க உதடு இன்னும் எழும்புமே தவிர, பிடிமானம் கூடாது.

மெல்லிய அரத்தாலும் பிறகு ஸ்கிரேப்பராலும் அந்த மேட்டை இறக்கி, நீலம் நான்கு மூலைகளிலும் பரவி ஒட்டும்வரை கொண்டுவந்தேன். நடுப்பகுதி சற்றே தாழ்ந்திருப்பது நல்லது. ஓரங்களில் உட்காரும் டூல் போஸ்ட் ஆடாது. ஸ்லாட்டின் அகலத்துக்கு முழுதாக நீளும் புது டீ-நட் ஒன்றை இ.என். 8 ஸ்டீலில் செய்து, இழுவிசை ஒரே இடத்தில் விழாதபடி பார்த்துக்கொண்டேன். கூடவே காம்பவுண்ட் ஸ்லைடின் தளர்வை எடுக்கும் ஜிப் திருகுகளைச் சரிசெய்து, தேவையில்லாத நேரத்தில் அதைப் பூட்டிவைக்க ஒரு திருகும் போட்டேன். நகராத ஸ்லைடு எதுவாக இருந்தாலும் பூட்டி வைப்பதே முறை.

அடுத்தது டூலின் உயரம். நான்கு பக்க டூல் போஸ்ட்டில் டூலுக்கு அடியில் பேக்கிங் வைத்துத்தான் மைய உயரத்தைக் கொண்டுவர வேண்டும். ஹேக்ஸா பிளேடு துண்டு, தகர டப்பாவின் துண்டு என்று கைக்குக் கிடைத்ததை அடுக்கினால் அந்த அடுக்கு ஸ்பிரிங் போல வேலை செய்யும். 1, 2, 3, 5 மி.மீ. கனத்தில், டூலின் முழு நீளத்துக்கும் தட்டையான பட்டைகளைச் செய்துவைத்துக்கொண்டு, எந்த உயரத்துக்கும் இரண்டு பட்டைக்கு மேல் வராதபடி பார்த்துக்கொள்கிறேன். மெல்லியதாக ஒன்று தேவைப்பட்டால் மட்டும் ஷிம் ஸ்டீல்.

மைய உயரம் தவறினால் என்ன ஆகும் என்பது ஜாப்பின் விட்டத்தைப் பொறுத்தது. டூல் 0.5 மி.மீ. தாழ்ந்திருந்தால், 100 மி.மீ. விட்டத்தில் வெட்டும் கோணம் அரை டிகிரிக்குச் சற்று மேல்தான் மாறும், அதே 0.5 மி.மீ. 6 மி.மீ. விட்டத்தில் ஒன்பதரை டிகிரி மாற்றமாகிவிடும். பெரிய ஜாப்பில் நன்றாக ஓடிய டூல் சிறிய பின்னில் ஏன் கடிக்கிறது என்பதற்கு விடை இதுதான். உயரத்தைச் சோதிக்க எளிய வழி, உருட்டான ஜாப்புக்கும் டூல் முனைக்கும் நடுவே மெல்லிய ஸ்டீல் ஸ்கேலை லேசாக அழுத்திப் பிடிப்பது. ஸ்கேல் செங்குத்தாக நின்றால் உயரம் சரி. அதன் மேல்முனை நம்மை நோக்கிச் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது. எதிர்ப்பக்கம் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது. இறுதிச் சான்று, முகம் கடையும்போது நடுவில் மிஞ்சும் முளை: முளையே மிஞ்சாமல் முகம் சுத்தமாக வந்தால் அதற்கு மேல் சோதிக்க ஒன்றுமில்லை.

டூல் எவ்வளவு வெளியே நீண்டிருக்கலாம் என்பதற்குக் கண்ணளவை நம்பக் கூடாது. நீட்டம் இரட்டிப்பானால் வளைவு எட்டு மடங்காகும். 25 மி.மீ. நீட்டி வைத்த டூல் 50 மி.மீ. நீட்டப்பட்டால் அதே கட்டுக்கு எட்டு மடங்கு வளைகிறது என்றால், அதிர்வுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. துளையை உள்ளே கடையும் போரிங் பாரில் நீட்டத்தைக் குறைக்க முடியாத இடங்களில் விட்டத்தைக் கூட்ட வேண்டும், 12 மி.மீ. பாரை 16 மி.மீ. ஆக்கினால் விறைப்பு மூன்று மடங்குக்கு மேல் கூடும், ஏனெனில் அது விட்டத்தின் நான்காம் அடுக்கில் வளர்கிறது. ஸ்டீல் பாரில் விட்டத்தைப் போல் நான்கு மடங்கு நீட்டத்துக்கு மேல் போனால் அதிர்வு தவிர்க்க முடியாதது. அந்தப் பாரைத் தலையில் இரண்டு போல்ட்டால் மட்டும் அமுக்காமல், அதன் விட்டத்துக்கே துளையிட்டுப் பிளந்த கட்டை ஒன்றில் பிடித்தபோது, பாரை மாற்றாமலே பினிஷ் மாறியது.

டூலை விரைவாக மாற்ற உதவும் குவிக் சேஞ்ச் டூல் போஸ்ட் வாங்குவதா என்று பலர் கேட்கிறார்கள். டவ்டெயில் ஹோல்டரை ஆப்பு இழுத்து இறுக்கும் வகை, பிஸ்டன் தள்ளி இறுக்கும் வகையை விட மேல். ஒவ்வொரு ஹோல்டரிலும் உயர நட் இருப்பதால் பேக்கிங் வேலை அறவே போய்விடும். ஒரு நாளில் பத்து விதமான ரிப்பேர் வரும் பட்டறைக்கு அது செலவை விரைவில் திருப்பித் தரும். ஆனால் ஹோல்டரின் கனத்துக்குச் சமமாக டூல் முனை காம்பவுண்ட் ஸ்லைடின் விளிம்புக்கு வெளியே தள்ளிப்போகிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். நான் குவிக் சேஞ்ச் ஒன்றைச் சாதாரண வேலைக்கு வைத்துக்கொண்டு, கனமான கட்டுக்கும் பார்ட்டிங்குக்கும் வேறு வழி செய்தேன்: காம்பவுண்ட் ஸ்லைடை முழுதாகக் கழற்றி, அந்த இடத்தில் வார்ப்பிரும்புக் கட்டை ஒன்றைக் கிராஸ் ஸ்லைடின் மேல் நேரடியாகப் பூட்டி, அதன் மேல் நான்கு பக்க டூல் போஸ்ட்டை வைத்தேன். கூம்பு கடையும்போதும் மரை வெட்டும்போதும் தவிர காம்பவுண்ட் ஸ்லைடுக்குப் பெரிய வேலை இல்லை. மற்ற நேரமெல்லாம் அது தளர்வுக்கு இன்னொரு வாசல்தான். கட்டை வந்தபின் 3 மி.மீ. பார்ட்டிங் டூல் 40 மி.மீ. ஸ்டீலைச் சத்தமில்லாமல் அறுக்கிறது.

ஜாப்பின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கில் வேலை குறைவு. உள்ளே இருந்த மோர்ஸ் டேப்பர் என்ற கூம்புத் துளையில் ட்ரில் சுற்றிக் கீறிய பிசிறுகள் இருந்தன. ரீமரைக் கையால் மட்டும் திருப்பி மேட்டை எடுத்துவிட்டு, நீலம் வைத்து ஒட்டுதலைப் பார்த்தேன். இந்தக் கூம்பு ஏறக்குறைய 20க்கு 1 என்ற சரிவு கொண்டது; அந்தச் சிறிய சரிவால்தான் தட்டி ஏற்றிய சென்டர் (ஜாப்பின் முனையைத் தாங்கும் கூர்முனை) உராய்விலேயே நிற்கிறது. பிசிறு இருந்தால் நிற்காது, சுற்றிவிடும், மேலும் கீறும். நேர்கோட்டைச் சோதிக்க, இரண்டு முனையிலும் காலர் விட்ட கம்பி ஒன்றைச் சென்டர்களுக்கு நடுவே வைத்து, டூலைத் தொடாமல் ஒரே கட்டில் இரண்டு காலரையும் கடைந்து அளந்தேன். டெயில்ஸ்டாக் பக்கத்து விட்டம் 0.06 மி.மீ. அதிகம். டெயில்ஸ்டாக் பின்னால் போயிருக்கிறது என்பது பொருள். வித்தியாசத்தில் பாதியான 0.03 மி.மீ. முன்னால் நகர்த்தினால் போதும்.

இவ்வளவும் செய்தது உண்மையான ஒரு வேலைக்காக. விவசாயப் பம்ப் ஒன்றின் ஷாப்ட் தேய்ந்து வந்திருந்தது; 380 மி.மீ. நீளம், இரண்டு 6205 பேரிங்குகள் உட்காரும் 25 மி.மீ. இருக்கைகள், நடுவே கன்மெட்டல் புஷ் ஒன்று. பேரிங் இருக்கைக்கு கே6 என்ற பொருத்த அளவு வைத்தால் 25.002 முதல் 25.015 மி.மீ. வரை வரலாம், அளவைப் பிடிப்பது கடினமில்லை, இரண்டு இருக்கையும் ஒரே மையத்தில் இருப்பதுதான் கடினம். ஆகவே சென்டர்களுக்கு நடுவே கடைவது என்று வைத்துக்கொண்டேன். ஹெட்ஸ்டாக் பக்கத்துக்கு, மூன்று ஜா சக்கில் மைல்ட் ஸ்டீல் துண்டு ஒன்றைப் பிடித்து, 60 டிகிரி முனையை அங்கேயே கடைந்து, வேலை முடியும்வரை அதைக் கழற்றாமல் விட்டேன். அப்படிச் செய்த சென்டர் சக்கின் அவுட்டைப் பொருட்படுத்தாமல் ஸ்பிண்டிலின் மையத்திலேயே ஓடும். ஷாப்ட்டில் மாட்டிய கேரியர் என்ற பிடிவளையத்தின் வால் ஒரு ஜாவின் மேல் சாய்ந்து சுற்றவைத்தது. ஷாப்ட்டை முன்பின் திருப்பி எத்தனை முறை மாட்டினாலும் இரண்டு இருக்கைகளும் 0.01 மி.மீ.க்குள் நின்றன.

டெயில்ஸ்டாக் பக்கத்தில் சுற்றாத சென்டரைத்தான் வைத்தேன். சுற்றும் சென்டரின் உள்ளே இருக்கும் பேரிங் தன் பங்குக்கு ஒரு சிறு அவுட்டைச் சேர்க்கும் என்பதால், பினிஷ் கட்டுக்குச் சுற்றாத சென்டரே நம்பகமானது. அதற்குக் கிரீஸ் தாராளமாக வேண்டும். அடிக்கடி கையால் தொட்டுப் பார்க்கவும் வேண்டும். ஷாப்ட் 30 டிகிரி சூடேறினால் 380 மி.மீ. நீளம் 0.13 மி.மீ. வளரும். அந்த வளர்ச்சிக்கு இடம் கொடுக்காவிட்டால் சென்டர் எரியும் அல்லது ஷாப்ட் வில்லாக வளையும். ரப் கட் (முதல் கரட்டு வெட்டு) முடிந்ததும் டெயில்ஸ்டாக்கைத் தளர்த்தி, ஆறவிட்டு, திரும்ப இறுக்கியே பினிஷ் கட்டுக்குப் போனேன். நீண்ட ஷாப்ட்டின் நடுப்பகுதி டூலின் அழுத்தத்தில் விலகுவதால் அங்கே விட்டம் 0.03 மி.மீ. பெருத்திருந்தது, பேரிங் இருக்கைகள் இரண்டும் முனைகளில் இருந்ததால் அவற்றுக்குப் பாதிப்பில்லை. புஷ் உட்காரும் நடு இடத்துக்கு மட்டும் டூலோடு நகர்ந்து ஷாப்ட்டைத் தாங்கும் பாலோயர் ஸ்டெடியைப் போட்டு ஒரு கட் எடுத்தேன்.

கன்மெட்டல் புஷ்ஷின் வெளிவிட்டம் 36, உள்விட்டம் 30, சுவர்க் கனம் 3 மி.மீ. இப்படி மெல்லிய வளையத்தை மூன்று ஜாவில் பிடித்துப் போர் செய்தால் என்ன ஆகும் என்பதை ஒரு கழிவுத் துண்டில் வேண்டுமென்றே செய்து பார்த்தேன். பிடித்த நிலையில் துளை அழகான வட்டம். சக்கைத் தளர்த்தியதும், ஜா அழுத்திய மூன்று இடங்களும் வெளியே திரும்பின. அங்கே அதிகம் வெட்டுப்பட்டிருந்ததால் துளை மூன்று மூலை கொண்டதாகிவிட்டது. இதில் வஞ்சகம் என்னவென்றால், இரண்டு முனையில் தொடும் உள்மைக்ரோமீட்டரை எந்தத் திசையில் வைத்தாலும் ஏறக்குறைய ஒரே அளவைத்தான் காட்டும். ஒரு பக்கத்துப் பள்ளத்துக்கு எதிரே எப்போதும் மேடு இருப்பதே காரணம். பிளக் கேஜில் நீலம் தடவி நுழைத்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது: ஜாக்கள் இருந்த இடங்களுக்கு நடுநடுவே, துளையின் உள்ளே மூன்று நீலப் பட்டைகள் நீளவாக்கில் விழுந்திருந்தன, இடையில் இருந்த பகுதிகள் தொடப்படாமல் பளபளத்தன. சுவர்க் கனத்தை அளந்தாலும் இதே கதை தெரியும். ஜா பிடித்த மூன்று இடங்களில் சுவர் மெலிந்திருக்கும்.

உண்மையான புஷ்ஷுக்கு, பிடிப்பதற்கென்று கூடுதல் நீளம் விட்ட வார்ப்பை எடுத்து, அந்தக் கனமான பகுதியை மட்டும் சக்கில் பிடித்து, உள்ளும் வெளியும் முகமும் ஒரே பிடியில் கடைந்து, கடைசியாக அறுத்தெடுத்தேன். அறுத்த முகத்தைச் சரிசெய்ய மட்டும் திரும்பப் பிடிக்க வேண்டியிருந்தது. அதற்கு 2000க்கு 1 சரிவுள்ள மாண்ட்ரல் என்ற தண்டில் ஏற்றிச் சென்டர்களுக்கு நடுவே முடித்தேன். ஏற்கெனவே கடைந்து வந்த புஷ்ஷை வெளியில்தான் பிடித்தாக வேண்டும் என்றால், அதன் வெளிவிட்டத்துக்கே துளையிட்டு ஒரு பக்கம் ஹேக்ஸாவால் பிளந்த கனமான வளையத்துக்குள் வைத்துப் பிடிக்கலாம். மூன்று புள்ளியில் விழும் அழுத்தம் சுற்றிலும் பரவிவிடும்.

சிறிய பின்கள், ஸ்டட்கள் போன்ற வேலைக்கு இ.ஆர். 32 கோலெட் சக் (பிளந்த குழலால் சுற்றிலும் பிடிப்பது) ஒன்றைப் பேக் பிளேட்டில் பொருத்தியிருக்கிறேன். பெரும்பாலான கோலெட்டுகள் 1 மி.மீ. வரைதான் சுருங்கும், அதற்குள் அடங்கும் கம்பியை, கோலெட்டின் நீளத்துக்கு நிறைவாக உள்ளே தள்ளிப் பிடித்தால் நன்றாக இருக்கும், நுனியில் மட்டும் பிடித்தால் கோலெட்டே கோணலாகும். உருவம் கோணலான பம்ப் பாடிகளுக்குப் பேஸ் பிளேட்டும் (ஜாப்பைப் போல்ட்டால் பூட்டும் முகத்தட்டு) எதிர் எடையும்தான் கதி. எடையைச் சமப்படுத்திக் கையால் விட்டால் எந்த இடத்திலும் நிற்கிறதா என்று பார்த்த பிறகே மோட்டாரைப் போட வேண்டும்.

மரை போட்ட நோஸுள்ள லேத்தில் மோட்டாரை எதிர்த்திசையில் திடீரென்று ஓட்டினாலோ, முன்திசையில் ஓடும்போது திடீரென்று பிரேக் பிடித்தாலோ சக் தானே கழன்று வரக்கூடும் என்பதைப் பட்டறைக்கு வரும் புதிய பையன்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சக் சாவிக்கு உள்ளே ஒரு ஸ்பிரிங் வைத்து, கையை எடுத்தால் அது தானே வெளியே விழும்படி செய்துவிட்டேன். ஜா, சக்கின் உடலுக்கு வெளியே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீண்டால் அந்த ஜாப் பெரிய சக்குக்குப் போக வேண்டும்.

இன்னும் மீதம் இருப்பது டெயில்ஸ்டாக்கின் அடிப்பகுதித் தேய்மானம். சென்டர் முனை ஹெட்ஸ்டாக்கை விட 0.05 மி.மீ. தாழ்ந்திருக்கிறது, சென்டர்களுக்கு நடுவே கடையும்போது அது தெரிவதில்லை, ஆனால் டெயில்ஸ்டாக்கிலிருந்து ட்ரில் விடும்போது துளையின் வாய் விரிகிறது. அடித்தட்டுக்கும் மேல் உடலுக்கும் நடுவே ஷிம் ஸ்டீலை வெட்டி வைத்து, நீலம் பார்த்து, டயலை ஸ்பிண்டிலில் மாட்டி டெயில்ஸ்டாக் சுலீவைச் சுற்றி அளந்து முடிக்க வேண்டும்.